மலாக்கா தந்த முன்ஷி அப்துல்லாஹ்

கடல் கடந்து சென்ற தமிழ் முஸ்லிம்கள் வணிகத்தால் பெற்ற புகழை நம் பெரியோர் பலவாறு எடுத்துரைப்பர். மரக்கலம் செலுத்தியதும், துறைமுக நகரங்களில் பண்டகசாலை அமைத்ததும், பள்ளிவாசல் எழுப்பியதும் நமக்குத் தெரிந்த செய்திகளே. ஆனால் அவர்களுள் ஒருவர் எழுதுகோல் ஒன்றையே முதலாகக் கொண்டு வாழ்ந்து, பிறிதொரு மொழியின் உரைநடைக்கே தந்தை எனப் போற்றப்படுகிறார் என்பதை நம் மாணவருள் அறிந்தோர் சிலரே. நவீன மலாய் இலக்கியத்தின் தந்தை என மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் பாடநூல்கள் குறிப்பிடும் முன்ஷி அப்துல்லாஹ்வின் பாட்டியார் பெயர் பெரியாச்சி. அப்பெயரே அக்குடும்பத்தின் வேரை நமக்குக் காட்டிவிடுகிறது.

இம்மலரில் அவரைப் பற்றி எழுத முற்பட்டமைக்கு ஒரு காரணம் உண்டு. கரையான்சாவடி, குமணன்சாவடி, பூவிருந்தவல்லி எனச் சுற்றுப்புற ஊர்களிலிருந்து வரும் நம் மாணவருள் பலர் தம் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாயிலை மிதித்தவர்கள். தமிழ் வகுப்பில் கலகலப்பாக இருக்கும் அவர்கள் ஆங்கில வகுப்பு மணி அடித்தவுடன் முகம் வாடுவதைக் காண்கிறோம். ஆங்கிலப் பாடத்தில் இலக்கியம், இலக்கணம், கடிதம் எழுதுதல் என மூன்று கூறுகள் உள்ளன. இவற்றுள் கடிதம் எழுதுதலை மதிப்பெண் வாங்கித் தரும் எளிய பகுதி என்று மனப்பாடம் செய்து ஒதுக்கிவிடுவோரே மிகுதி. அம்மூன்றையும் தம் வாழ்நாள் முழுவதும் கற்றும் கற்பித்தும், அதன்பொருட்டு ஊராரின் பகையையும் தாங்கிய ஒருவரின் வரலாறு இது.

யெமன் நாட்டு அரபியராகிய ஷெய்கு அப்துல் காதிர் என்பார் மார்க்கக் கல்வியும் மொழிக்கல்வியும் கற்பிப்பவராய் நாகூர் வந்து தங்கி அங்கேயே மணம் புரிந்தார். அவருடைய மைந்தருள் முஹம்மது இப்ராஹீம் என்பவர் மலாக்கா சென்று, ஷெய்கு மீரா லெப்பையின் மகளாகிய பெரியாச்சியை மணந்தார். இவ்விருவருக்கும் பிறந்தவர், பாட்டனாரின் பெயரையே தாங்கிய அப்துல் காதிர். அவருடைய மகனே நம் அப்துல்லாஹ். 1796ஆம் ஆண்டு மலாக்காவின் கம்போங் பாலியில் அவர் பிறந்தார். தாயார் பெயர் சலாமா. முன்பு பிறந்த ஆண்மக்கள் நால்வரையும் இளமையிலேயே பறிகொடுத்த அன்னைக்கு, நோயும் நொடியுமாக வளர்ந்த இந்த ஒரு மகனே எஞ்சினார். இச்செய்தியைப் பின்னர் நினைவில் கொள்ள வேண்டியிருக்கும்.

பாட்டியார் தம் இல்லத்திலேயே திருக்குர்ஆன் ஓதிக் கொடுக்கும் பள்ளி நடத்தினார். ஆண், பெண் குழந்தைகளாக ஏறத்தாழ இருநூறு பேர் அங்கு ஓதினர் என்பர். அக்காலத்து ஓதற்பள்ளிகளில் வழங்கிய தண்டனைகளை அப்துல்லாஹ் பிற்காலத்தில் ஒன்றுவிடாமல் எழுதிவைத்தார். விரல்களுக்கிடையே பிரம்புத் துண்டுகளைச் செருகி நெருக்குவதும், கால்களைக் கட்டி உள்ளங்காலில் அடிப்பதும் அவற்றுள் சில. நம் நாட்டுத் திண்ணைப் பள்ளிக்கூடங்களில் கோதண்டம் போட்ட கதையை அறிந்தவர்க்கு இது வியப்பளிக்காது.

குர்ஆன் ஓதி முடித்த பின் தந்தையார் மகனை அனுப்பிய இடம் தமிழ்ப் பள்ளி. இது பலருக்கும் புதிய செய்தியாக இருக்கலாம். அக்கால மலாக்காவில் வசதிபடைத்த குடும்பத்துப் பிள்ளைகள் தமிழ் கற்பது முன்னோர் காலந்தொட்டு வந்த வழக்கம். கணக்கு எழுதவும், அத்துறைமுகத்தில் நிறைந்திருந்த தமிழ் வணிகரோடு பேசவும் அம்மொழி இன்றியமையாததாக இருந்தது. இன்று ஆங்கிலத்தை நாடி நம் பிள்ளைகள் எதற்காகச் செல்கின்றனரோ, அதற்காகவே அன்று மலாக்காப் பிள்ளைகள் தமிழை நாடினர். பிழைப்புக்குரிய மொழி என்பது காலத்துக்கும் இடத்துக்கும் ஏற்ப மாறுவதாகும். தமிழ் வகுப்புக்கு மாணவர் குறைகின்றனரே என்று வருந்தும் நம் துறையினரும் இதனைச் சற்று எண்ணிப்பார்க்கலாம்.

தந்தையார் அப்துல் காதிர் எளிய மனிதர் அல்லர். வணிகம் செய்தார், டச்சுக்காரர் ஆட்சியில் துறைமுகப் பணியும் பார்த்தார், பிறருக்கு முறையீடுகளும் ஒப்பந்தங்களும் எழுதிக் கொடுத்தார், வில்லியம் மார்ஸ்டன் என்னும் ஆங்கில அறிஞருக்கு மலாய் கற்பித்தார். மலாய் இலக்கணத்தையும் அகராதியையும் 1812இல் வெளியிட்ட மார்ஸ்டன் இவரே. தம் கல்வியைத் தந்தையார் மகனுக்கு ஊட்டிய முறை மிகக் கடுமையானது. சொல் சொல்லாக ஒப்புவித்து எழுதச் செய்வார். ஓர் எழுத்துப் பிழைத்தாலும் விடமாட்டார். எவ்வளவு நன்றாக எழுதினாலும் மகனின் முகத்துக்கு நேரே ஒரு சொல் புகழமாட்டார். புகழ்ச்சி பிள்ளையின் வளர்ச்சியைக் கெடுத்துவிடும் என்பது அவர் கொள்கை. இக்கொள்கை முற்றிலும் சரியென்று கூற நான் துணியமாட்டேன். எனினும் அந்தக் கண்டிப்பில் தேறிய கை பின்னர் மலாய் மன்னர்களுக்கெல்லாம் ஓலை எழுதியது.

மலாக்காக் கோட்டையில் அப்போது ஆங்கிலக் கம்பெனியின் இந்தியச் சிப்பாய்கள் தங்கியிருந்தனர். அவர்களுள் முஸ்லிம்கள் பலர். இளைஞர் அப்துல்லாஹ் அவர்களுக்குக் குர்ஆன் ஓதிக் கொடுத்தார். அவர்களிடமிருந்து இந்துஸ்தானி மொழியைத் தாம் கற்றுக்கொண்டார். முன்ஷி என்னும் பட்டம் அவருக்கு வாய்த்தது அங்கேதான். மொழியாசிரியர், எழுத்தர் என்னும் இருபொருளும் உடைய சொல் அது. அதே காலத்தில் நம் சென்னையிலும் முன்ஷிகள் இருந்தனர். 1812இல் எல்லிஸ் துரையின் முயற்சியால் தொடங்கப்பட்ட புனித ஜார்ஜ் கோட்டைக் கல்லூரியில் ஆங்கில அதிகாரிகளுக்கு நாட்டு மொழிகளைக் கற்பித்தோர் அத்தகையோரே. அவர்களுள் பெரும்பாலோர் தம் வாழ்வைத் தாமே எழுதி வைக்கவில்லை. அப்துல்லாஹ் எழுதி வைத்தார், அதுவே வேறுபாடு.

அவர் கடிதம் எழுதத் தொடங்கிய நிகழ்ச்சி சுவையானது. ஒருநாள் தந்தையார் வீட்டில் இல்லாத வேளையில் கப்பல் தலைவர் ஒருவர் கடன் பத்திரம் ஒன்று எழுத வேண்டி வந்தார். காத்திருக்க அவருக்கு நேரமில்லை. மகன் துணிந்து தாமே எழுதிக் கொடுத்தார். திரும்பிவந்த தந்தையார் அப்பத்திரத்தைக் கண்டார். தம் கையெழுத்துக்கும் நடைக்கும் ஈடாக அது அமைந்திருந்தது. அன்று முதல் பத்திரம் எழுதும் உரிமை மகனுக்குக் கிடைத்தது. எவர் வந்து கேட்டாலும் எழுதிக் கொடுக்கலாம் என்று தந்தையார் இசைந்த அந்த நாளே தமக்குக் கிடைத்த பட்டமளிப்பு நாள் என அவர் எண்ணியிருக்க வேண்டும்.

கடிதம் எழுதுவதைக் கைத்தொழிலாகக் கொள்வது இழிவன்று. பதிவாளர் அலுவலக வாயில்களில் மேசை போட்டு அமர்ந்து மனு எழுதித் தருவோரை நம் மாணவர்கள் கண்டிருப்பர். எழுதத் தெரியாத ஒருவரின் குறையைக் கேட்டு, அதிலிருந்து தேவையானதைப் பிரித்து, உரியவர்க்கு உரிய மரியாதையோடு எடுத்துரைப்பது எளிய செயலன்று. மலாய் மரபில் அது மேலும் நுட்பமானது. மன்னர்க்கு எழுதும் கடிதத்தின் தலைப்பில் அரபுத் தொடர் ஒன்று அமைய வேண்டும். பெறுவோரின் நிலைக்கேற்ற புகழ்மொழிகள் முறை பிறழாமல் வர வேண்டும். முத்திரை பதிக்கும் இடத்துக்கும் விதி உண்டு. மடலை மஞ்சள் பட்டில் பொதிந்து அனுப்ப வேண்டும். இவற்றுள் ஒன்று தவறினாலும் கடிதம் அவமதிப்பாகிவிடும். இம்மரபுகளை மலாக்காவின் முதுபெரும் எழுத்தர்களிடம் அப்துல்லாஹ் தேடிச் சென்று கற்றார்.

அக்கல்வி விரைவிலேயே பயன்பட்டது. 1810ஆம் ஆண்டின் இறுதியில் ஸ்டாம்ஃபோர்டு ராஃபிள்ஸ் மலாக்காவுக்கு வந்தார். ஜாவாவின் மீது படையெடுக்கும் முன் மலாய் மன்னர்களின் நட்பைக் கடிதங்களாலேயே பெற அவர் முயன்றார். அதற்கெனத் திரட்டிய எழுத்தர்களுள் மிக இளையவர் நம் அப்துல்லாஹ். பழைய சுவடிகளைப் படியெடுப்பதும் கடிதங்களைச் செம்மையாக எழுதுவதும் அவர் பணி. 1811இல் ராஃபிள்ஸ் ஜாவாவுக்குப் புறப்பட்டபோது உடன் செல்ல அவர் பெரிதும் விரும்பினார். நான்கு பிள்ளைகளை இழந்த தாய் விடவில்லை. கண்ணீரோடு அவர் மலாக்காவிலேயே தங்கிவிட்டார்.

அவ்வாறு தங்கியதால்தான் ஆங்கில வகுப்பு அவருக்கு வாய்த்தது. 1815ஆம் ஆண்டு லண்டன் மிஷனைச் சேர்ந்த வில்லியம் மில்ன் மலாக்காவுக்கு வந்தார். அவருக்கு மலாய் கற்பிக்க அப்துல்லாஹ் அமர்த்தப்பட்டார். கற்பிக்கச் சென்ற இடத்திலேயே ஆங்கில எழுத்துகளையும் மொழியையும் கற்கலானார். 1818இல் அடிக்கல் நாட்டப்பட்ட ஆங்கில சீனக் கல்லூரியிலும் அவர் தொடர்பு நீடித்தது. அச்சுக் கோக்கும் தொழிலையும் அங்கேயே கற்றார்.

ஊரில் புயல் எழுந்தது. ஆங்கிலம் கற்பவன் ஆங்கிலேயனாகிவிடுவான், பின்னர் மதம் மாறிவிடுவான் என்று பலரும் பேசினர். அப்துல்லாஹ் பாதிரி என்று அவருக்குப் பட்டப்பெயரும் சூட்டினர். அச்செய்திகள் தந்தையாரின் செவியை எட்டின. ஆங்கிலேயருக்கே மொழி கற்பித்தவர் அவர். ஆயினும் ஊராரின் சொல் அவரையும் அசைத்தது. ஆங்கிலக் கல்வியை உடனே நிறுத்துமாறு மகனுக்கு ஆணையிட்டார். தந்தை சொல்லைத் தட்டியறியாத மகனுக்கு அது பெரும் சோதனை. தாம் கற்பது மொழியை மட்டுமே, அதனால் ஈமானுக்கு ஊறு நேராது என்று பணிவோடு வாதிட்டுப் பார்த்தார். செய்தியறிந்த மில்ன் தாமே அப்துல் காதிரைச் சந்தித்தார். மொழியைக் கற்பது வேறு, மதத்தைத் தழுவுவது வேறு. இரண்டாவதற்கு எவரையும் வற்புறுத்தும் எண்ணம் தமக்கில்லை என்னும் கருத்துப்பட எடுத்துரைத்தார். தந்தையார் இசைந்தார். வகுப்பு தொடர்ந்தது.

இந்நிகழ்ச்சி நடந்து அரை நூற்றாண்டுக்கும் மேலான பின்பே, 1875இல், சர் சையத் அஹமது கான் அலிகரில் தம் கல்விச்சாலையைத் தொடங்கினார். அவரும் இதே பழிச்சொற்களைக் கேட்டார். தமிழகத்தில் 1919இல் வாணியம்பாடி இஸ்லாமியாக் கல்லூரியும், 1951இல் சென்னைப் புதுக்கல்லூரியும் திருச்சி ஜமால் முஹம்மது கல்லூரியும் தோன்றின. அவற்றைத் தோற்றுவித்த பெருமக்களின் முன்னும் இதே கேள்வி நின்றிருக்கும். ஊராரின் அச்சத்தை வெறும் அறியாமை என்று தள்ளிவிடுதல் நேர்மையாகாது. மில்ன் ஒரு பாதிரியார். மதம் பரப்பவே வந்தவர். ஆகவே அவர்கள் ஐயம் காரணமற்றதன்று. அந்த ஐயம் நிறைந்த வகுப்பறையில் அமர்ந்து, கற்க வேண்டியதைக் கற்று, தம் மார்க்கத்தில் சற்றும் வழுவாது வெளிவந்தார் அப்துல்லாஹ். இங்குதான் அவர் பெருமை உள்ளது. ஆங்கிலத்தில் அவர் பெரும்புலமை எய்தினார் என்று சொல்வதற்கில்லை. ஆயினும் அம்மொழியின் இலக்கண அமைப்பை அறிந்தது, தம் மொழியை வெளியிலிருந்து நோக்கும் கண்ணை அவருக்குத் தந்தது.

அக்கண்ணின் கூர்மை தாம்சன் என்னும் பாதிரியாரோடு அவர் நடத்திய வாதங்களில் வெளிப்படுகிறது. தாம்சன் கிறித்தவ வேத நூலை மலாயில் திருத்தி எழுத முற்பட்டு, அப்துல்லாஹ்வைத் துணைக்கு அமர்த்தினார். மொழித்துணை செய்வதோடு தம் கடமை முடிந்தது என்ற தெளிவோடு அவர் அப்பணியை ஏற்றார். தாம்சன் எழுதியவற்றில் சொற்கள் மலாயாக இருந்தன. வாக்கியத்தின் எலும்போ ஆங்கிலமாக இருந்தது. இவ்வாறு மலாய் மக்கள் பேசுவதில்லை என்று அப்துல்லாஹ் மீண்டும் மீண்டும் எடுத்துக்காட்டினார். தாம்சன் பல இடங்களில் ஏற்கவில்லை. அப்படியாயின் அந்நடைக்குரிய பழி தம்மைச் சாரக்கூடாது என்று அவர் தெளிவாகக் கூறிவிட்டார். மொழிபெயர்ப்புப் பயிற்சியில் ஆங்கிலத் தொடரைச் சொல்லுக்குச் சொல் தமிழாக்கிக் கொண்டுவரும் நம் மாணவர்களின் தாள்களைத் திருத்தும்போதெல்லாம் எனக்குத் தாம்சனின் நினைவு வருவதுண்டு.

தாய்மொழி இலக்கணம் குறித்து அவருக்கு ஓர் ஆறாத மனக்குறை இருந்தது. மலாய் மக்கள் அரபு எழுத்துகளைக் கூட்டி ஓதக் கற்கின்றனர். தம் சொந்த மொழியைக் கற்பதற்கு ஆசிரியரும் வேண்டும், பள்ளியும் வேண்டும் என்று எண்ணுவதில்லை. பிறவியிலேயே வந்த மொழிக்குப் பாடம் எதற்கு என்று நகைக்கின்றனர் என அவர் வருந்தினார். அரேபியரும் ஆங்கிலேயரும் தமிழரும் தம் மொழியைப் பள்ளியில் வைத்துக் கற்கும்போது இவர்கள் மட்டும் ஏன் புறக்கணிக்கின்றனர் என்பது அவர் கேள்வி. ரியாவ் பகுதியின் ராஜா அலி ஹாஜி அரபு இலக்கண மரபைத் தழுவி எழுதிய மலாய் இலக்கணமாகிய புஸ்தானுல் காதிபீன் 1857இல்தான் அச்சாயிற்று. அதைக் காண அப்துல்லாஹ் உயிரோடு இல்லை.

சிங்கப்பூரில் 1819இல் ஆங்கிலக் குடியேற்றம் உருவான பின் அவர் அங்கும் சென்று, கடிதம் எழுதுவோராகவும் மொழிபெயர்ப்பாளராகவும் பணிபுரிந்தார். வணிகரும் அதிகாரிகளும் பாதிரிமாரும் அவரிடம் மலாய் கற்றனர். குடும்பம் மலாக்காவிலும் தொழில் சிங்கப்பூரிலுமாக அவர் பல ஆண்டுகள் அலைந்தார். 1840இல் மனைவியாரை இழந்த துயரத்துக்குப் பின் சிங்கப்பூரிலேயே தங்கலானார்.

தமிழ்த்துறை மலரில் தவறாது குறிக்கத்தக்க நூல் ஒன்று உண்டு. 1835இல் அவர் பஞ்சதந்திரக் கதைகளைத் தமிழிலிருந்து மலாய்க்குப் பெயர்த்தார். தம்பிமுத்து வீரபத்தர் என்னும் தமிழ் நண்பர் அவருக்குத் துணைநின்றார். நாகூர் வழிவந்த முஸ்லிம் ஒருவரும் தமிழ் இந்து ஒருவரும் மலாக்காவில் அருகருகே அமர்ந்து, ஒருவர் தமிழ் ஏட்டின் பொருளை விளக்க மற்றவர் அதை மலாயில் எழுதிய காட்சியை நான் பலமுறை எண்ணிப் பார்த்ததுண்டு. இளமையில் கணக்கெழுதக் கற்ற தமிழ் இலக்கியப் பணிக்கும் உதவியது. இந்நூலைப் பற்றி நம் பல்கலைக்கழகங்களில் விரிவான ஒப்பாய்வு வர வேண்டும். நம் மாணவர் எவரேனும் மலாய் கற்று அதைச் செய்வாராயின் துறைக்குப் பெருமை.

1838இல் சிங்கப்பூர் அதிகாரிகளின் கடிதங்களை ஏந்தி அவர் கிளாந்தான் நாட்டுக்குக் கடற்பயணம் மேற்கொண்டார். அங்கே உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்தது. சென்ற வழியில் கண்ட ஊர்களையும், மக்களின் வறுமையையும், ஆள்வோரின் கொடுமையையும் அப்படியே எழுதினார். தேவர்களும் மாயக் குதிரைகளும் உலவிய பழைய மலாய்க் கதைகளுக்கு நடுவே, கண்ணால் கண்டதை நாள் குறித்து எழுதிய அந்நூல் புதுவழி திறந்தது. அதைக் கண்ட அமெரிக்கப் பாதிரியார் ஆல்ஃபிரட் நார்த், தம் வாழ்க்கை முழுவதையுமே இவ்வாறு எழுதுமாறு அவரைத் தூண்டினார். 1843இல் எழுதி முடிக்கப்பட்டு, 1849இல் சிங்கப்பூரில் கல்லச்சில் வெளிவந்த ஹிகாயத் அப்துல்லாஹ் அவ்வாறு பிறந்தது. இக்கட்டுரையில் கூறிய செய்திகளுள் பல அந்நூல் வழங்கியவையே. 1874இல் தாம்சன் என்னும் பெயருடைய வேறொரு ஆங்கிலேயர் அதன் பகுதிகளை மொழிபெயர்த்தார். ஹில் என்பாரின் முழு ஆங்கில மொழிபெயர்ப்பு 1955இல் வந்தது.

அவரைக் குறை கூறுவோரும் உளர். ஆங்கிலேயரை அளவுக்கு மீறிப் புகழ்ந்தார், மலாய் மன்னர்களை இரக்கமின்றிச் சாடினார் என்று மலாய் அறிஞர் பலர் எழுதியுள்ளனர். சிங்கப்பூர் தோன்றிய நிகழ்ச்சிகளைத் தாம் நேரில் காணாதிருந்தும் கண்டதுபோல் விவரித்ததையும் வரலாற்றாசிரியர் எடுத்துக்காட்டுவர். இக்குறைகளை மறுப்பதற்கில்லை. கூலி கொடுத்தவரை நோக்கிய பார்வையில் ஒரு சாய்வு இருக்கவே செய்தது. ஆனால் தாம்சனிடம் நேருக்கு நேர் பிழை சுட்டிய கையும் அதே கைதான்.

1854ஆம் ஆண்டின் தொடக்கத்தில், தம் ஐம்பத்தெட்டாம் வயதில், ஹஜ் கடமையை நாடி அவர் சிங்கப்பூரிலிருந்து கப்பலேறினார். வழியெங்கும் எழுதிக்கொண்டே சென்றார். குமரிமுனையைச் சுற்றும்போது கடும் புயல் கப்பலை அலைக்கழித்தது. பயணிகள் அனைவரும் அல்லாஹ்வை அழைத்துக் கதறினர். ஆலப்புழையிலும் கள்ளிக்கோட்டையிலும் கப்பல் தங்கியது. முன்னோர் பிறந்த யெமன் நாட்டுக் கரையோரமாகச் செங்கடலில் சென்று ஜித்தாவை அடைந்தார். அவ்வாண்டிலேயே அப்புனித மண்ணில் அவர் உயிர் பிரிந்தது. முற்றுப்பெறாத அப்பயணக் குறிப்பு சிங்கப்பூருக்குத் திரும்பி வந்து, 1858இல் கீஸ்பெரி என்பார் நடத்திய செர்மின் மாத்தா இதழில் வெளியாகத் தொடங்கியது.

மலாக்காவில் அவர் பெயரால் ஒரு பெருஞ்சாலை உள்ளது. 2019இல் சிங்கப்பூர் ஆற்றங்கரையில் ராஃபிள்ஸ் சிலையின் அருகே நால்வர் சிலைகள் சில காலம் நிறுத்தப்பட்டபோது, அவற்றுள் ஒன்று முன்ஷி அப்துல்லாஹ்வுடையது. மற்றொன்று தமிழராகிய நாராயண பிள்ளையுடையது. அவருடைய மகன் முஹம்மது இப்ராஹீமும் முன்ஷி என்றே அழைக்கப்பட்டார். ஜோகூர் அரசில் செயலாளராக உயர்ந்து, தந்தையைப் போலவே தாம் கண்ட ஊர்களைப் பற்றி எழுதி, 1904இல் காலமானார்.